ஊதினால்தான் கிளம்பும்

— "கொஞ்சம்தான் சார் குடிச்சேன்"னு அங்க போய் வாயைத் திறந்தீங்கன்னா கதை அதோட முடிஞ்சது. எவ்வளவுன்னு உங்களை யாரும் கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க.

— பழக்கதோஷம் மேடம். வாய் தானா ஓடுது.

— அந்த வாயை இன்னைக்கு மட்டும் நிறுத்தி வைங்க. கவனிங்க டிரைவர். மத்தியானம் நாம போறது கோர்ட்டுக்கு இல்ல, போக்குவரத்து ஆபீஸுக்கு. கோர்ட் கேஸ் தனியா நடக்கும், அதுக்கு நாள் இருக்கு. இன்னைக்கு அந்த அதிகாரி முடிவு பண்ணப்போறது ஒண்ணே ஒண்ணு. லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கலாமா, கூடாதா.

— இருக்கணும் மேடம்.

— அதை நான் பேசிக்கிறேன். முதல்ல என் பேனாவைக் கீழ வைங்க. மூடியைக் கடிச்சே தின்னுடுவீங்க போலிருக்கு.

— கை சும்மா இருக்க மாட்டேங்குது. லைசென்ஸ் கார்டை வாங்கி வச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா இந்தத் தற்காலிகத் தாளைக் கொடுத்தாங்க பாருங்க, அதுலேர்ந்து இப்படித்தான். சிக்னல்ல நின்னா பாக்கெட்டைத் தொட்டுப் பாக்குறேன். பிரிச்சு மடிச்சு, பிரிச்சு மடிச்சு, தாளே கிழியப் போகுது.

— அந்தத் தாளும் இன்னைக்கு விசாரணை முடியிற வரைக்கும்தான் செல்லும். அதுவும் நீங்க விசாரணை கேட்டு எழுதிக் கொடுக்குற கடைசி நாள்ல ஓடி வந்து விழுந்ததால. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விசாரணையே கிடையாது. லைசென்ஸ் தானா போயிருக்கும்.

— பொண்டாட்டிகிட்ட சொல்லவே எனக்கு அத்தனை நாள் ஆச்சு மேடம்.

— இப்பவாவது சொல்லிட்டீங்களா?

— பாதி சொல்லியிருக்கேன். பைக்கைப் போலீஸ் பிடிச்சாங்கன்னு. ஹெல்மெட்டுக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.

— மீதியையும் சொல்லிடுங்க. ஸ்கூல்ல?

— பிரின்சிபாலுக்குத் தெரியும். லைசென்ஸ் தப்பிச்சா வேலை தப்பிக்கும்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் மேடம், வேற பேச்சே இல்ல. எனக்கும் வண்டி ஓட்டுறதை விட்டா வேற என்ன தெரியும்? என்னை சீட்டுலேர்ந்து இறக்கி விட்டா நான் ரோட்டோரம் நிக்கத்தான் லாயக்கு.

— இறங்க விடாமப் பாக்கத்தான் உக்காந்திருக்கோம். போலீஸ் எழுதினதுல ஒரு இடம் உறுத்துது. "இரண்டு முறை ஊத மறுத்தார்"னு இருக்கு. மறுத்தாலே லைசென்ஸைப் பிடுங்கலாம், தெரியுமா?

— மறுக்கல மேடம், சத்தியமா! ஊதினேன், மெஷின் எடுத்துக்கல. நீட்டமா ஊது, நிறுத்தாம ஊதுங்கிறாங்க. எனக்கு நடுவுல அறுந்து போகுது. மூணாவது தடவைதான் ஏறுச்சு.

— ஏறினது நல்லாவே ஏறியிருக்கு. சரி, எனக்குப் புரியாதது ஒண்ணு. உங்க ஸ்கூல் பஸ்ல ஊதுற குழாய் வச்சிருக்காங்க இல்ல? தினம் காலைல அதுல ஊதினாதானே இன்ஜினே கிளம்பும்? தினமும் ஊதுற ஆளுக்கு ரோட்டுல எப்படி ஊதத் தெரியாம போச்சு?

— அது... அது வேற மாதிரி மெஷின் மேடம். இங்க போலீஸ்காரர் மூஞ்சில டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிறார். யாருக்கு மூச்சு வரும்?

— ம். பயத்துல மூச்சு வரலன்னு சொல்லுங்க, அதை மனுஷங்க நம்புவாங்க. இப்ப கவனிங்க, அந்தக் குழாய்தான் நமக்குத் துருப்புச் சீட்டு.

— குழாயா?

— ஆமா. நான் என்ன கேக்கப் போறேன்? "ஐயா, இவர் பைக்கே ஓட்ட வேண்டாம், கார் வேண்டாம். ஸ்கூல் பஸ்ஸை மட்டும் ஓட்டிக்க விடுங்க. குடிச்சிருந்தா அந்த பஸ் ஒரு அடி நகராது. அதுல இவர் இத்தனை நாளா தினம் காலைல ஊதித்தான் கிளம்பியிருக்கார். யாரோ ஒருத்தர் வேலையை விட்டுப் போறாங்கன்னு விருந்து வச்சதுல ஒரு சாயங்காலம் சறுக்கிட்டார், அவ்வளவுதான்"னு. எந்த அதிகாரியா இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

— யோசிப்பாரா மேடம்?

— யோசிச்சாகணும். அந்த பஸ் எப்பவாவது கிளம்பாம மக்கர் பண்ணியிருக்கா?

— இல்ல. அதாவது, ஒரே ஒரு நாள். பேட்டரி.

— பேட்டரின்னா?

— காலைல கிளம்பவே இல்ல. வேற வண்டி அனுப்பிப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டாங்க. மத்தியானம் மெக்கானிக் வந்து கை வைக்கிறதுக்குள்ள தானாவே கிளம்பிடுச்சு. பழைய பேட்டரி மேடம், அப்படித்தான்.

— ஸ்கூலுக்குத் தெரிஞ்ச விஷயம்னா மறைக்கக் கூடாது. நாமளே சொல்லிடுவோம். சாட்சிக்கு யாரோ வர்றாங்கன்னீங்களே?

— வருவாங்க. எங்க அக்கா சொன்னா சொன்னபடி வந்து நிப்பாங்க. இதோ படியில சத்தம் கேக்குது பாருங்க, அவங்க செருப்புதான்.

— அப்பாடா! ஏம்மா, கீழ ஜெராக்ஸ் கடையில கேட்டா மாடின்னாங்க. மாடின்னா இத்தனை மாடியா? உங்ககிட்ட நியாயம் கேட்டு வர்றவங்க பாதி வழியிலயே திரும்பிப் போயிட மாட்டாங்க?

— வாங்க, வாங்க. முதல்ல தண்ணி குடிங்க.

— மேடம், இவங்கதான். நம்ம பஸ்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்குற அக்கா. வண்டி அக்கான்னுதான் பிள்ளைங்க கூப்பிடும்.

— பேரே மறந்து போச்சு வக்கீலம்மா, கடையில கூட வண்டி அக்கான்னுதான் கூப்பிடுறாங்க. என்ன தம்பி இது, ஒரே நாள்ல இப்படிக் காய்ஞ்சு கிடக்குற? சாப்பிட்டியா இல்லையா?

— இறங்க மாட்டேங்குது அக்கா.

— எல்லாம் நல்லபடியா முடியும். இவனைப் பத்தி என்ன சொல்லணும், கேளுங்கம்மா. மூச்சு விடாம சொல்றேன். ஒரு தடவை சந்து முனையில பந்து ஒண்ணு உருண்டு வந்துச்சு. எனக்குப் பந்துதான் தெரிஞ்சது. இவன் பட்டுன்னு பிரேக் போட்டு நிறுத்திட்டான். ஏன்டான்னு கேக்குறதுக்குள்ள பந்துக்குப் பின்னாடியே ஒரு பொடிசு ஓடி வருது! பெத்தவ கூட அவ்வளவு கவனமா இருக்க மாட்டா.

— நல்லா இருக்கு. இதை அப்படியே சொல்லுங்க. இன்னும் சுருக்கமா.

— சுருக்கமாவா? அது எனக்கு வராதே!

— நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். ஒத்திகை மாதிரி பாத்துடலாமா? நான்தான் அதிகாரி. காலைல நீங்க ரெண்டு பேரும் வண்டி எடுக்குறது எப்படின்னு சொல்லுங்க.

— எப்பவும் நான்தான் முதல்ல வருவேன். கதவைத் திறப்பேன், சீட்டெல்லாம் துடைப்பேன். ஜன்னல் கண்ணாடி பனியா இருக்கும், இன்ஜின் கொஞ்சம் ஓடினாதான் தெளியும். தம்பி வந்து டயரைத் தட்டிப் பாப்பான், கண்ணாடி திருப்புவான். அதுக்குள்ள நான் குழாயில ஊதி வண்டியைக் கிளப்பி வச்சிடுவேன்.

— யாரு ஊதுவீங்க?

— நான்தான்.

— அக்கா, மேடம் அதைக் கேக்கல...

— அதைத்தானே தம்பி கேக்குறாங்க? வக்கீலம்மா, அந்தக் குழாய் லேசுப்பட்டது இல்ல. உள்ள 'ம்'முனு ஒரு சத்தம் இழுத்துக்கிட்டே ஊதணும். வச்ச புதுசுல இவன் ஊதி ஊதி முகம் சிவந்து போச்சு, அது கீக்கீன்னு கத்துச்சே தவிர எடுக்கல. பிள்ளைங்க ஒரே சிரிப்பு. தள்ளு தம்பின்னு நான் ஊதினேன், ஒரே மூச்சு, பச்சை லைட்! அன்னைலேர்ந்து அது என் வேலை.

— அந்தக் குழாய் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? குடிச்சவங்க ஊதினா கிளம்பாதுன்னு மாட்டின ஆளு சொன்னாரே. நான்தான் குடிக்கிறது இல்லையேம்மா!

— ...டிரைவர்.

— மேடம்.

— என்னைப் பாத்துப் பேசுங்க.

— ஊத வரல மேடம், அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. நேரத்துக்குக் கிளம்பணும், பிள்ளைங்க ரோட்டுல நிக்கும், அக்காவுக்கு வருது, எனக்கு வரல. காலைல நான் குடியைத் தொட்டதே இல்ல. என் பிள்ளைங்க மேல சத்தியம்.

— பிள்ளைங்களை இழுக்காதீங்க.

— ஏன், நான் எதும் தப்பா சொல்லிட்டேனா? என் முகத்தை ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க?

— நீங்க தப்பா எதும் சொல்லல. நான்தான் என் மொத்த வாதத்தையும் அந்தக் குழாய் மேல கட்டி வச்சிருந்தேன்.

— அது இடிஞ்சு போச்சா?

— மேடம், அக்கா ஊதினதை யாரு கேக்கப் போறா? நீங்க கேக்காம விட்டா முடிஞ்சது. எனக்கு இந்த ஒரு வாட்டி. நாளைலேர்ந்து நானே ஊதுறேன், வீட்டுல பலூன் வாங்கி வச்சு ஊதிப் பழகிக்கிறேன். என்னை இறக்கி விட்டுடாதீங்க மேடம்.

— கொஞ்சம் பேசாம இருங்க. என்னை யோசிக்க விடுங்க.

— அந்த மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமாம்மா? தம்பிக்கு வேர்த்து ஊத்துது.

— வைங்க... சரி. அக்கா, யாரு ஊதினாங்கன்னு நான் உங்களைக் கேக்க மாட்டேன். ஆனா அதிகாரி கேட்டா நீங்க பொய் சொல்லக் கூடாது. உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் என் வேலையைப் பணயம் வைக்க மாட்டேன்.

— எனக்குப் பொய் வராதும்மா. காது சிவந்து காட்டிக் கொடுத்துடும்.

— அதனால ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழாயால வண்டி கிளம்பாம நின்னிருக்கான்னு கேப்பேன். இல்லைன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க.

— இல்ல. நான் இருக்கிறப்போ ஒரு நாளும் நின்னது இல்ல. இது பொய் இல்லையே?

— பொய் இல்ல.

— அப்புறம் என்ன, கிளம்புவோம். சட்டையை உள்ள விடு தம்பி. தலையை வாரு. உன்னைப் பாத்தாலே தப்பு பண்ணவன் மாதிரி இருக்குற.

— நீங்க தெய்வம் அக்கா.

— போடா, பெரிய பேச்செல்லாம் பேசாத. சாயங்காலம் பஸ்ல உன் சீட்டுல நீ இருக்கணும், அவ்வளவுதான். வேற எவனையும் நம்பி என் பிள்ளைங்களை நான் ஏத்த மாட்டேன்.

— ஒரு நிமிஷம். அந்தப் பேட்டரி விஷயம் மிச்சம் இருக்கு. அதை நாமளே சொல்லிடணும். அக்கா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— மேடம், அது எனக்கே நல்லாத் தெரியும், நானே சொல்லிக்கிறேன். நேரம் ஆகுது. வாங்க அக்கா, படி இறங்கணும்.

— எந்தப் பேட்டரி?

— ஒரு நாள் காலைல பஸ் கிளம்பாம நின்னுச்சாமே. வேற வண்டி அனுப்பினாங்களாமே.

— ஓ, அதுவா! அது எனக்குத் தெரியாதும்மா. என் மகளுக்குப் பிரசவ வலின்னு அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியில இருந்தேன். மறுநாள் ஸ்கூல் வாட்ச்மேன்தான் சொன்னாரு. வண்டி கீக்கீன்னு கத்துச்சாம், கத்துச்சாம், கிளம்பவே இல்லையாம். மத்தியானம் வரைக்கும் தம்பி கடைசி சீட்டுல படுத்துத் தூங்கினானாம், எழுந்தப்புறம்தான் வண்டி எடுத்துச்சாம்...

— அக்கா. நேரம் ஆச்சு. கிளம்பலாம்.

— இரு தம்பி.

— அக்கா...

— அன்னைக்குக் குழாயில ஊதினது நீதானே?