கலைமகளின் கைகளுக்கு ஒரு களிம்பு

களிம்பில் இருக்கும் அந்தப் பொடியை மட்டும் சந்தேகப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர். அது செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து எடுப்பது, ஐஸ்கிரீமிலும் கண் சொட்டு மருந்திலும்கூடச் சேர்க்கிறார்கள். தண்ணீரைக் கெட்டியாக்கி, களிம்பை வழியவிடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. தோலுக்குள் இறங்காது. முப்பது வருடம் அரசாங்க மருந்தகத்தில் மருந்து கலக்கியவள் சொல்கிறேன்.

என் பெயர் கஜலட்சுமி. கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறான். தீபாவளிக்குக் கார்டு அனுப்புவான். புக்கிட் பெருவாங்கில் எனக்கு மூன்று அறை வீடு. தொண்ணூற்று மூன்றில் ஓர் அறையைக் கலைமகளுக்கு வாடகைக்கு விட்டேன். ரெம்பியா பக்கத்து எஸ்டேட் பெண். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கையுறை போட்டுப் போட்டுக் கைகள் வறண்டு வெடித்திருந்தன. நான் களிம்பு செய்து கொடுத்தேன்.

"என்னா ஆன்ட்டி, கஞ்சித் தண்ணிய போத்தல்ல ஊத்திக் குடுக்கிறீங்க?"

"கஞ்சியில்லை, பிள்ளை. கையைக் காட்டு."

"சில்லுனு இருக்கு லா. ஐஸ்பெட்டியில பார்த்திருந்தா தின்னிருப்பேன்."

தினமும் வேலை விட்டு வந்ததும் கையை என் மடியில் வைப்பாள். நான் பூசி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். பத்து நாளில் கைகள் ஆறிவிட்டன. அதன் பிறகு நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே மாதம் டுரியான் துங்காலில் லோரி ஓட்டும் தேவனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள்.

காலாணியைக் கரைக்கும் அமிலம் என் அலமாரியில் இருந்தது. களிம்பில் கலந்தேன். முதலில் கொஞ்சம்தான். தோல் உரிந்தது, அவள் மீண்டும் வந்து கையை நீட்டினாள். பொடி தன் வேலையைச் செய்தது, அமிலத்தைக் கையிலேயே பிடித்து வைத்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது முறை தேவனின் தாய் காளியம்மா நேரில் வந்தார். கலைமகளின் விரல்களைத் தொடாமலே குனிந்து பார்த்தார்.

"அக்கா, நீங்க மருந்து கலக்கினவங்க. மறைக்காம சொல்லுங்க. இது பெருநோய், குஷ்டம்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அவர் நிச்சயப் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று கலைமகள் என் மடியில் படுத்து வெகுநேரம் அழுதாள். அன்றே அமிலத்தை நிறுத்தினேன். புதுக் களிம்பில் மூன்றே வாரத்தில் கைகள் சுத்தமாகிவிட்டன. அதுதான் அவளை யோசிக்க வைத்திருக்கிறது. பழைய போத்தலையும் புதியதையும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

அமிலம் கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் நான்தான், அதையும் எழுதுங்கள். அவள்மேல் பாசமில்லாதவள் நிறுத்தியிருப்பாளா?

அவள் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் கையெழுத்துப் போட்டதும் உள்ளே வரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே டாக்சியில் வீட்டுக்குப் போய்விடுவோம்.