கிடையைப் பற்றி நான் சொன்ன ஒரு வாக்கியம்

எங்கள் துறையில் ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை யாருக்கும் சோறு இறங்காது ஐயா. எம்.ஏ. தொடர்பியல் என்றால் டிவியில் செய்தி வாசிக்கிற படிப்பு என்றுதான் எங்கள் பசுவந்தனைப் பக்கம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவே, "எப்பம்ட்டி டிவியில வருவ?" என்று வாரம் தவறாமல் கேட்பாள். அது அப்படியில்லை. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் எப்படி விழுகிறது, விழுந்தது அவர் வாயிலிருந்து என்னவாகி வெளியே வருகிறது, அதுதான் படிப்பு. இதைவிட இனிப்பான படிப்பு உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். பேனாவைப் பிடித்ததும் உற்சாகம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தியபாமா மேடம் என் வழிகாட்டி. நான் கொண்டுபோன தலைப்பையெல்லாம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் அவரே சொன்னார். "செல்போன்ல பரவுற வதந்தியை எல்லாரும் பண்ணியாச்சு பிரித்திகா. வெறும் வாயால பரவுறதைப் பண்ணு. ஆனா ஒண்ணு, அது பிறந்த இடம் இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்லை."

அன்று கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். கால் வலிக்கவேயில்லை. பிறந்த இடம் கிடைக்கவில்லை என்றால் நாமே பெற்றுவிட வேண்டியதுதானே.

உங்களுக்கு ஊர் வடக்கே என்றார்கள், கிடை தெரிந்திருக்காது. விதைப்புக்கு முன்னால் கரிசல் வெறுமனே கிடக்கும். அப்போது செம்மறிகளை ராத்திரிக்கு ஒரு புஞ்சையில் அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், அதுதான் உரம். புஞ்சைக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பார். எங்கள் ஊரில் கிடை என்றால் மாடக்கண்ணு அண்ணாச்சிதான், வேறு ஆள் கிடையாது. அவரும் அவர் சம்சாரம் செல்வமாரி மதினியும் அந்தப் பருவத்தை நம்பித்தான் வருஷம் பூராவும் கஞ்சி குடித்தார்கள்.

அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் காலேஜுக்குக் கிளம்பத் தாமதமானால் ஆடுகளை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டி பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு, "மெதுவா வா தாயி, பஸ்ஸு எங்கயும் போவாது" என்று சிரிப்பார். தங்கமான மனிதர். நான் கிடையைத் தேர்ந்தெடுத்தது, அது எல்லாருடைய புஞ்சைக்கும் போகிற பொருள் என்பதால். எல்லாரும் அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். ஆய்வுக்கு அவ்வளவு தோதான பொருள் வேறு கிடைக்காது.

ஆவணி பிறந்ததும் தெருக்குழாயில் என் சித்தி முத்துச்செல்வியிடம் வாக்கியத்தை விட்டேன்.

"சித்தி, கிடை போட்ட எடத்துல வெதை கருகுதுன்னு எட்டயபுரம் பஸ்ல ரெண்டு பேரு பேசிட்டு வந்தாவ."

"எந்தூர்லட்டி?"

"தெரியல சித்தி."

இவ்வளவுதான் ஐயா. நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மா அதை எனக்கே சொன்னாள். "நாகலாபுரத்துல கிடை போட்ட புஞ்சையில ஒரு வெதை மொளைக்கலையாம்ட்டி. ஆட்டுக்கு என்னமோ ஊசி போட்டுருக்காவளாம், அது மூத்திரத்துல எறங்குதாம்."

நாகலாபுரத்தை நான் வைக்கவில்லை. ஊசியை நான் வைக்கவில்லை. மொட்டையாக வெளியே அனுப்பிய என் பிள்ளை சடை பின்னிப் பூ வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரையேறிவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை, பிளஸ் டூ ரிசல்ட் அன்றுகூட.

அதற்கப்புறம் ஊருக்குள் நடப்பதே திருவிழாவில் நடப்பது மாதிரி ஆகிவிட்டது. கடற்கரை என்று பெயர் கொண்ட அண்ணாச்சியின் டீக்கடையில் அந்த ஊசிக்கு ஒரு கலர்கூட வந்துவிட்டது, மஞ்சளாம். எந்த ஆடு என்று ஒருத்தர் கேட்க, நம்மூரில் எத்தனை கிடை இருக்கிறது என்று இன்னொருத்தர் கேட்க, பெயரை ஊரே சேர்ந்து நிரப்பிக்கொண்டது. கிடைக்கு நாள் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, இந்த வருஷம் வேண்டாம் என்றார்கள். நான் மேடத்துக்கு போன் போட்டு, ஊரில் தானாகவே ஒரு வதந்தி கிளம்பியிருக்கிறது என்று சொன்னேன். "உனக்கு அதிர்ஷ்டம்டி பொண்ணே" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

மாடக்கண்ணு அண்ணாச்சி ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். துண்டைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நின்றார்.

"தாயி, நீ படிச்ச புள்ள. நீ சொன்னா ஊரு கேக்கும். அப்படியொண்ணும் கெடையாதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

"இதை உங்கள்ட்ட யார் அண்ணாச்சி சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. வேண்டாம்ங்காவ, ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்புதாவ. நானாத்தான் புரிஞ்சிக்கிட்டேன்."

யாரைப் பற்றிய பேச்சோ அவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. வகுப்பில் படித்திருக்கிறேன், ஆனால் அதுவே துண்டைப் பிசைந்துகொண்டு நம் வாசலில் வந்து நிற்பது வேறு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது, அது முதல் பாடம். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை தூக்கலாகத்தான் போட்டேன்.

என் அப்பா ஜெயகிருஷ்ணன் மட்டும் மசியவில்லை. "ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது. எங்கப்பா காலத்துலருந்து உங்க கிடைதான். எம்புஞ்சையில போடும்வே" என்று கூப்பிட்டுப் போடச் சொன்னார். புரட்டாசியில் மழை இறங்கியது. உளுந்து விதைத்தோம். ஆடு படுத்த இடமெல்லாம் பயிர் கரும்பச்சையாகச் செழித்து வந்து நின்றது. ஊரே வரப்பில் வந்து பார்த்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். கடற்கரை அண்ணாச்சி, மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். மஞ்சள் ஊசியைச் சொல்லி அவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

மேடத்திடம் சொன்னேன். "அடங்கிடுச்சா? அப்போ உன் அத்தியாயம் சின்னதாப் போயிடுமே" என்றார். அவர் சும்மாதான் சொன்னார், அவரை விசாரிக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. நான் பெற்று அனுப்பியது என் கண்முன்னால் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தது.

அப்பா உரம் வாங்கக் கோவில்பட்டிக்குப் போன அன்று, நட்டநடுப் பகலில், வீட்டிலிருந்த களைக்கொல்லியைக் கலக்கித் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். கிடை போட்ட இடம் மட்டும், ஓரம் பிசகாமல் அடித்தேன். விவசாயி மகள் மருந்து அடிப்பதில் யாருக்கு என்ன அதிசயம். பாடிக்கொண்டேதான் அடித்தேன்.

பயிர் கருகியது. அது மருந்துக் கருகல் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து மண்ணில் நிற்பவர், செடியைப் பிடுங்கி மோந்துகூடப் பார்த்தார். ஆனால் ஊர் முழுக்க ஒன்றைச் சொல்லும்போது மனிதன் தன் மூக்கை நம்புவதில்லை. என் ஆய்வின் முக்கியமான முடிவு இதுதான். தனக்காக ஊரையே எதிர்த்து நின்றவருக்குத் துரோகம் செய்துவிட்டான் மாடக்கண்ணு என்று அப்பா நினைத்தார். மறுநாள் காலையில் முதல் கம்பை எடுத்தவர் அவர்தான். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். நானும் போனேன், பார்க்க வேண்டுமே.

ஆடுகளை அடித்து ஊர் எல்லை தாண்டி விரட்டினார்கள். "ஜெயகிருஷ்ணா, நீயுமா" என்று மட்டும் அண்ணாச்சி கேட்டார். ஆடுகள் மிரண்டு நாலுவழிச்சாலையில் ஏறின. அவர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். பிறகு லாரி. மதினி ஒரு குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் அப்படியே நின்றாள், அழவில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதி டிரைவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது தகவல் பிழை. அப்பா வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்கிறார். அதுவும் பிழை. அவர்கள் இரண்டு பேருக்கும் இதில் பெருமை, இல்லை, பொறுப்பு என்று எழுத வந்தேன், எதுவும் கிடையாது. மாடக்கண்ணு அண்ணாச்சியைக் கொன்றது நான். வாக்கியமும் என்னுடையது, மருந்தும் என்னுடையது. மனசாட்சி உறுத்தியதால் நானாகவே வந்து சொல்கிறேன்.

ஆய்வை இத்தோடு விட்டுவிட்டேன். அதில் இனி எனக்கு ஓர் ஆசையும் இல்லை. ஒரு சின்ன உதவி மட்டும். நான் எழுதியது எப்படியும் இந்த ஸ்டேஷனை விட்டு வெளியே போய்விடும். அது செல்வமாரி மதினியின் காதுக்கு யார் வாயால் போகிறது, போய்ச் சேரும்போது என்னவாகிப் போகிறது என்பதை யாரையாவது விட்டு விசாரித்து எனக்குச் சொல்லுங்கள்.