பிர்த்தேவுக்கு வந்த கடிதம்

பெயர்: வெர்னா ஜோன் மேவர். வயது: 66. தகப்பனார் பெயர்: ஆல்ஃபிரட் மேவர் (இறந்துவிட்டார்), மீன்பிடிக் கப்பல் தொழிலாளி. தொழில்: பள்ளி அலுவலக எழுத்தர், ஓய்வு. இருப்பிடம்: கிளீதார்ப்ஸ், லிங்கன்ஷயர். பதிவு செய்த நாள்: 11 செப்டம்பர் 2019, முற்பகல்.

வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று காவல் அதிகாரி தெரிவித்தார். வேண்டாம் என்று சொன்னேன்.

நான் மேற்கண்ட ஊரில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். ரோலண்ட் மேவர், வயது 63, என் உடன்பிறந்த தம்பி, அடுத்த தெருவில் இருக்கிறான். அவன் மனைவி பிர்த்தே, வயது 61, டென்மார்க் நாட்டைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா கிரிம்ஸ்பி துறைமுகத்தில் படகு ஓட்டியவர். அவரோடு பத்தொன்பது வயதில் வந்தவள் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். நாற்பத்திரண்டு வருடமாகியும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கவில்லை. கேட்டால், "எனக்குன்னு ஒரு ராணி அங்க இருக்காங்க. ரெண்டு ராணி எனக்குத் தாங்காது" என்பாள்.

2016 ஜூன் 23-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. பிர்த்தேதான் தன் காரில் என்னையும் தம்பியையும் வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு வாக்கு கிடையாது, இங்கே வசிக்கும் உரிமையே டென்மார்க் அந்த ஒன்றியத்தில் இருப்பதால் கிடைத்ததுதான். நாங்கள் வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் இருக்க வேண்டும் என்று போட்டேன். தம்பி வெளியேற வேண்டும் என்று போட்டான். அப்பா வேலை பார்த்த கப்பலை உடைத்து இரும்புக்குப் போடும்படி ஆனது ஐரோப்பாக்காரர்களால்தான் என்பது அவன் எண்ணம். அது ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் கடலில் எங்கள் கப்பல்களை மீன்பிடிக்க விடாததால் ஆனது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை முடிவு வந்தது. வெளியேற நூற்றுக்கு ஐம்பத்திரண்டு, இருக்க நாற்பத்தெட்டு. தம்பி ஒரு கேக் வாங்கி, மேலே சர்க்கரையால் 52–48 என்று எழுதவைத்து என் வாசலுக்குக் கொண்டுவந்தான். "தோத்தவங்க வாய்க்கு ஏதாவது இனிப்பா வேணும்ல" என்றான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஜூன் 23 அன்று அதே கேக்கைக் கொண்டுவந்தான். மூன்றாவது கேக்கை அவன் கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் போட்டேன். அதனால் இந்த வருடம் என் வீட்டுக்கு வராமல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் வெட்டினான். "வெர்னாவுக்குப் பெரிய துண்டா குடுங்கப்பா, நாப்பத்தெட்டுப் பேர் பசி அவளுக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். பிர்த்தே சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "விடு வெர்னா, வீட்டுக்குப் போய் நான் கவனிச்சுக்கறேன் அவனை" என்று காதில் சொன்னாள். நான் விடவில்லை.

அன்று மாலை கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் பெற்றோர்களுக்குக் கடிதம் எழுதியவள் நான். படிப்பவர் கை நடுங்க வேண்டுமென்றால் முதல் வரியில் வருத்தம் தெரிவிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பிர்த்தேவின் பெயருக்கு, குடியேற்ற அலுவலகம் அனுப்பியதுபோல எழுதினேன். அவள் இந்நாட்டில் வசிக்கும் உரிமை நிரூபணமாகவில்லை, பதினான்கு நாட்களுக்குள் வெளியேற வேண்டும், மேல்முறையீட்டை வெளிநாட்டிலிருந்துதான் செய்ய முடியும் என்பது அதன் சாரம். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை கிரிம்ஸ்பிக்குப் போய்த் தபாலில் சேர்த்தேன்.

என்ன நோக்கம் என்று அதிகாரி கேட்டார். தம்பி பதறிப்போய் என் வாசலுக்கு வந்து, தான் போட்ட ஓட்டு தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொன்னதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பதுதான் நோக்கம். ஒரு நாள் ஆகும், மிஞ்சினால் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சனிக்கிழமைவரை யாரும் வராததால் நானே போனேன். கடிதம் சமையலறை மேஜையில் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது. பிர்த்தே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? மோப்பம் பிடிச்சுட்டு வந்துட்ட" என்றான். நான் கடிதத்தைப் படிப்பதுபோலப் படித்துவிட்டு, "இதுக்குத்தானாடா ஓட்டுப் போட்ட?" என்று கேட்டேன். அவன், "சட்டம்னா சட்டம். என் பொண்டாட்டிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு கேக்க முடியுமா?" என்றான். பிர்த்தேவின் கையில் கத்தி நின்றது. அதன் பிறகு மறுபடி வெட்டினாள். அவன் என்னிடம், "அழுது காட்டேன் வெர்னா. மூணு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த" என்றான். உண்மை அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. ஏன் என்று அதிகாரி கேட்டதற்கு, அந்த நேரத்தில் சொன்னால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு தினமும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். அலுவலகத்துக்குப் பேசிப் பார்க்கும்படி பிர்த்தே அவனைக் கேட்டாள். இரண்டுமுறை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை என்றான். அவன் கூப்பிடவே இல்லை என்பது இப்போது தெரிகிறது. ஒருமுறை கூப்பிட்டிருந்தால் அன்றே விஷயம் வெளியே வந்திருக்கும். பிறகு அவனிடம் கேட்டபோது, "நான் கெஞ்சினேன்னு உன் காதுக்கு வந்துடுமே" என்றான்.

அவர்களிடம் ஸ்கிப்பர் என்று ஒரு நாய் இருந்தது. பதினைந்து வயது, இரண்டு கண்ணும் தெரியாது. பிர்த்தே போன பிறகு முழங்கால் வலியோடு தன்னால் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று தம்பி சொல்லிவிட்டான். ஜூலை 5-ம் தேதி பிர்த்தே அதைக் கருணைக்கொலை செய்யக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். நாயை மடியில் வைத்துக்கொண்டு அவளால் கார் ஓட்ட முடியாததால் நான்தான் ஓட்டினேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கழுத்துப்பட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தாள். திரும்பும் வழியில், "கடைசி வரைக்கும் வாலை ஆட்டினான், வெர்னா" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஜூலை 9-ம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு ஹல் துறைமுகத்துக்குக் கிளம்பினார்கள். அங்கிருந்து அவள் மட்டும் கப்பலில் ராட்டர்டாம், அதன் பிறகு ரயிலில் டென்மார்க்கில் அவள் அக்கா இங்கர் வீடு என்று ஏற்பாடு. தம்பி இரண்டு பெட்டிகளையும் தூக்கிக் காரில் வைத்தான். நான் வழிக்கு முட்டை சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். பிர்த்தே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும். தம்பி, "பாலத்துல நெரிசல் ஆயிடும், ஏறு" என்றான். ஏறினாள்.

அதன் பிறகு ஆகஸ்டில் இங்கர் அந்தக் கடிதத்தை வைத்து மேல்முறையீடு செய்திருக்கிறார். அப்படி ஒரு கடிதம் அனுப்பப்படவே இல்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அதன்பேரில் கடந்த வெள்ளிக்கிழமை, குடும்பத்தாரை விசாரித்து வந்த அதிகாரி என் வீட்டுக்கும் வந்து கடிதத்தைக் காட்டினார். நான் எழுதியதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை தம்பி என்னைக் கூப்பிட்டனுப்பி, தன் சமையலறையில் வைத்துப் பிர்த்தேவுக்குத் தொலைபேசியில் பேசினான். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். "எல்லாம் பொய்யாம் பிர்த்தே. இவ எழுதினதாம். அடுத்த கப்பல்ல கிளம்பி வா" என்றான். அவள் எழுந்து ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கடிதம் பொய், சரி. நீ பெட்டியைத் தூக்கிக் கார்ல வெச்சியே, அது?" என்று கேட்டாள். தம்பி, "சட்டம்னு நெனச்சேன்" என்றான். அவள், "வெர்னா பக்கத்துல இருக்காளா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "அன்னிக்குக் கார்ல என் பக்கத்துல உக்காந்து வந்தியே. நாய் உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் தம்பி, "கேளு, நல்லாக் கேளு அவளை" என்று கத்தினான். நான், "நீ அந்த ஓட்டைப் போடலேன்னா எனக்கு எழுத என்னடா இருந்திருக்கும்?" என்றேன். அவன் என்னைத் துரோகி என்றான். நான் அவனை முட்டாள் என்றேன். அவன் ஐம்பத்திரண்டு என்றான், நான் ஐஸ்லாந்து என்றேன். அப்பாவின் கப்பல்வரை போனோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது தொலைபேசி அணைந்திருந்தது. எந்த இடத்தில் அவள் வைத்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதன் பிறகு அவள் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

இவ்வளவும் நானாகச் சொன்னது, நடந்தபடி சொன்னது. அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். 'விளையாட்டாக எழுதினேன்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அப்படி நான் சொல்லவில்லை என்று அதை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னா ஜே. மேவர்