பதிமூணாவது விதி

...என்மேல என்ன சார் தப்பு? போட்டிக்கு விதி இருந்துச்சு, விதிப்படி தீர்ப்பு சொன்னேன். அதுக்குப்போய் மூணு வாரமா என் தங்கச்சி மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறா. உக்காருங்க சார், இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடேறல. ரெண்டு சட்டைதானே, பேசுற பேச்சுல தேய்ச்சிடலாம்.

என்ன போட்டியா? செஸ்தான். ஆனா மனுஷங்க ஆடுறதில்ல. ஆளாளுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராம் எழுதி வெச்சிருக்காங்க, அதுங்க நெட்ல ஒண்ணோட ஒண்ணு ஆடும். எழுதினவங்க வீட்டுல உக்காந்து நகத்தைக் கடிச்சிக்க வேண்டியதுதான். எட்டுப் பேரு, எட்டும் எட்டுத் திக்கு. ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டாங்க. அதான் என்னப் புடிச்சாங்க. "உங்ககிட்ட ப்ரோக்ராமும் இல்ல, உங்களுக்கு செஸ்ஸும் தெரியாது, நீங்கதான் நடத்தணும்"னாங்க. நாலாங்கிளாஸோட நின்னவனுக்கு இதவிட என்ன மரியாதை வேணும்? பன்னெண்டு விதி போட்டேன். அதோ செவுத்துல அட்டை. எழுத்து கோணலா இருக்கும், விதி நேரா இருக்கும்.

அதுல 'நத்தை'ன்னு ஒண்ணு, தங்கச்சி வீட்டுக்காரரோடது. ஆறு வருஷமா எழுதுறாரு மாப்ள. அவரு வீட்டு நெட் அடிக்கடி புட்டுக்கும். கம்ப்யூட்டர இங்க கொண்டாந்து அந்த மூலையில வெச்சாரு. நான் வேணாம்னா சொன்னேன்? அவரு கல்யாணத்துல நூறு பேர் முன்னாடி "மச்சானுக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது"ன்னு சிரிச்ச மனுஷன். பத்தொம்பது வருஷம், நாலு மாசம் ஆச்சு. நான் அப்பவே மறந்துட்டேன்.

கடைசி ஆட்டம் நத்தைக்கும் பல் டாக்டரோட 'இடி'க்கும். நத்தை ஜெயிச்சா கோப்பை மாப்ளைக்கு. ஜெயிக்கப் போகுதுன்னுதான் எல்லாரும் குரூப்ல எழுதுறாங்க. திடீர்னு என் போன்ல வருது, நத்தைக்குத் தொடர்பு போச்சுன்னு. ஏழாவது விதி, பத்து நிமிஷத்துல திரும்பி வரலன்னா தோல்வி. கடிகாரத்தப் பாத்தேன். மாப்ள போன் மேல போன் போடுறாரு. ஒம்பதாவது விதி, ஆட்டத்தப்ப நடுவர் யார்கிட்டயும் பேசக் கூடாது. எடுக்கல. ஓடி வந்து கண்ணாடிக் கதவத் தட்டுறாரு. பதினொண்ணாவது விதி, எழுதினவர் கம்ப்யூட்டர் கிட்ட வரக் கூடாது. உள்ள இருந்தே அட்டையக் காட்டினேன்.

பத்து நிமிஷம் ஆச்சு. தோல்வின்னு போட்டுட்டேன். இதுல எங்க சார் ஓரவஞ்சனை?

இந்தப் பெட்டி ஏன் சூடேற மாட்டேங்குதுன்னா... இந்த ப்ளக்கு லூசு. மூலையில இருக்கறது நல்ல ப்ளக்குதான். அதுல இப்ப மாட்டறதில்ல. ஏன்னா... அந்தச் சட்டைக் கையக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க சார், மடிப்பு விழுது. இருபத்தாறு வருஷமா பெட்டிக்கு அந்த மூலை ப்ளக்குதான். கைக்குக் கண்ணே வேணாம், தானாப் போகும். அன்னிக்கும் ஒரு அவசரச் சட்டை வந்துச்சு. கை தானாப் போச்சு. ஏதோ மாட்டியிருந்துச்சு. புடுங்கிட்டுப் பெட்டிய மாட்டிட்டேன்.

ம்... அதான்.

தோல்வின்னு போட்டுட்டு, மிச்சச் சட்டையையும் தேய்ச்சு, மடிச்சு, நிமிந்தப்பதான் பாத்தேன், கம்ப்யூட்டர் இருட்டாக் கெடந்துச்சு. உடனே சொல்லியிருக்கலாம். பன்னெண்டாவது விதி, சொன்ன தீர்ப்ப மாத்தக் கூடாது. அதுவும் நான் எழுதினதுதான். அந்தக் குதிரை கழுதை வேற ஞாபகத்துக்கு வந்து தொலைச்சுது.

இப்ப மாப்ள நத்தையிலதான் ஓட்டைன்னு வரி வரியாத் தேடுறாராம். ஒம்பதாயிரம் வரி. சோறு எறங்கலயாம். இன்னிக்கு வேலை முடிஞ்சு போனதும் மொத்தத்தையும் அழிச்சிடப் போறாருன்னு அவங்க பக்கத்து வீட்டம்மா காலையில துணி போட வந்தப்ப சொன்னாங்க. அஞ்சு மணிக்கு இந்த வழியாத்தான் நடந்து போவாரு, இந்தப் பக்கம் திரும்பாம.

சார், உங்க கையெழுத்து நல்லா இருக்குமா? இந்தாங்க பேனா. அட்டையில அடியில எடம் இருக்கு. பதிமூணு. 'நடத்துறவரே ப்ளக்கப் புடுங்கினா, ஆட்டத்த மறுபடி ஆடணும்.' மன்னிப்பு கின்னிப்புன்னு எதையும் சேத்துடாதீங்க, விதி மட்டும் போதும். பெருசா எழுதுங்க, வாசக் கதவுல மாட்டணும்.

இன்னும் எடம் இருக்கா? அப்ப ஓரத்துல ஒரு குதிரை வரைஞ்சிடுங்க. கழுதை மாதிரி வந்தாலும் பரவாயில்ல சார். அது யாருன்னு அவருக்குத் தெரியும்.