நோட்டீஸில் போட்ட சம்பளம்

— என்னடா, பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு பல்லி மாதிரி அசையாம உட்கார்ந்திருக்க? படிப்புக் கடன் பேப்பர்ல ஜாமீன்தாரர்னு போட்டிருக்கு பாரு, அதுக்கு நேரா. போடு.

— மெதுவா பேசுக்கா.

— ஏன், இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு? உன் பொண்டாட்டி டியூட்டிக்குப் போயிட்டா. உன் மகன் வெளியூர்ல. கூடப் பொறந்தவன் வீட்டுலயும் நான் கிசுகிசுன்னுதான் பேசணுமா?

— அது வந்துக்கா... நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். நாலு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், கடனுக்கு வட்டி. உன் பொண்ணு பாப்பா வேலைக்குப் போய் சம்பளத்துல பாதியை அப்படியே கட்டினாலும் பதினோரு வருஷம் ஆகும்.

— எந்தச் சம்பளத்தை வெச்சுப் போட்ட?

— இப்ப வெளிய குடுக்கற சம்பளம். கடைக்கு மூக்குக் கண்ணாடி மாத்த வர்ற பசங்ககிட்ட விசாரிச்சேன்.

— அடப் போடா! நீ லென்ஸ் தேய்க்கறவன். உன்கிட்ட எவன் சம்பளத்தை நெசமா சொல்லுவான்? இங்க பாரு, பாப்பா சேரப் போற யுனிவர்சிட்டி நோட்டீஸ். முதல் பக்கத்துல கோட்டு மாட்டிக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய நிக்கறது யாரு? அங்கயே படிச்ச உன் மகன். கீழயே அவன் சம்பளம். இதை வெச்சுப் போட்டுப் பாரு, நாலே வருஷம்.

— அந்தப் பக்கத்தை மூடுக்கா.

— ஏன் மூடணும்? என் லாண்டரியில சுவத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன். துணி போட வர்றவங்க அத்தனை பேருக்கும் காட்டறேன், என் மருமகன்னு. ஆமா, தொட்டியில என்ன ரெண்டு தட்டு? ஒத்தை ஆளு ரெண்டு தட்டுலயா சாப்பிட்ட?

— காலையில போட்டது. கவர்மெண்ட் காலேஜ்லயும்தான் பாப்பாவுக்கு இடம் கெடைச்சுதே?

— அது அவ கேட்ட படிப்பு இல்லடா. ஒரு வாரமா அவ சாப்பிடவே இல்ல. காலையில அந்தப் பெரிய வாஷிங் மெஷினை வித்துட்டேன். முதல் வருஷத்துக்கு அது. மீதி மூணு வருஷத்துக்குத்தான் இந்தக் கடன்.

— வித்துட்டியா? அப்புறம் கடை?

— கையால துவைப்பேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? கட்டின பணம் திரும்பக் கெடைக்காதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பாப்பா மெஷின் வித்த பணத்தோட இப்ப யுனிவர்சிட்டி கவுண்ட்டர்கிட்ட நிக்கறா. நாலு மணிக்கு மூடிடுவான். நீ கையெழுத்து போட்டதும் நான் போன் பண்ணணும், அவ கட்டணும்.

— கட்ட வேண்டாம்னு சொல்லுக்கா.

— என்னது?

— வேண்டாம்க்கா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— ஓ, இப்பல்ல புரியுது! உன் மகன் ஏசி ரூம்ல உக்காரணும், என் பொண்ணு இஸ்திரிப் பெட்டியோட வேகணும். பொறாமைடா உனக்கு. அவன் மனசு உனக்கு இல்லையே! பாப்பா அவன்கிட்டதான் யோசனை கேட்டா. ‘தைரியமா சேரு’ன்னு அனுப்பியிருக்கான்.

— அவனா? எப்போ?

— நேத்து. ஏன் உன் மூஞ்சி இப்படி வெளுக்குது? இரு, அவனையே கூப்பிடறேன். அவன் சொன்னாத்தான் நீ அடங்குவ.

— அக்கா, போனை வை. வேலை நேரம்.

— அத்தைன்னா எடுப்பான். ரிங் போகுது... மேல என்னடா சத்தம்?

— பக்கத்து வீட்டுல.

— இல்ல, உங்க மாடியில. இரு, கட் பண்றேன்... நின்னுடுச்சு. திரும்பப் போடறேன்... டேய், அடிக்குதுடா. அவன் போன் எப்படிடா மேல இருக்கு?

— உட்காருக்கா.

— நீ ஏன் அழற? புள்ளைக்கு என்ன ஆச்சு?

— அவன் எங்கயும் போகலக்கா. ஒண்ணரை வருஷமா மாடியிலதான் இருக்கான். கம்பெனிக்காரன் வேலைக்கு லெட்டர் குடுத்தது நெசம். அன்னைக்கே யுனிவர்சிட்டிக்காரங்க கோட்டு மாட்டிவிட்டு போட்டோ எடுத்துட்டாங்க. அப்புறம் கம்பெனிக்காரன் சேர்ற தேதியைத் தள்ளி வெச்சான். திரும்பவும் தள்ளினான். அதுக்கப்புறம் பதிலே இல்ல. நோட்டீஸ்ல இருக்கே, அந்தச் சம்பளம் ஒரு மாசம்கூட இந்த வீட்டுக்குள்ள வரல.

— வெளியூர்ல வேலைன்னு நீதானேடா சொன்ன?

— எப்படியும் கூப்பிட்டுடுவாங்கன்னு நம்பிச் சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல. அவனை வெளிய தலைகாட்ட முடியாம பண்ணினது நான்தான். சாப்பாட்டைப் படியில வெக்கறேன். மத்தியானம் கடையை அப்படியே விட்டுட்டு ஓடி வரேன், கதவைத் தட்டினா உள்ள இருந்து குரல் வருதான்னு பாக்க.

— அப்புறம் எதுக்குடா எம் பொண்ணைச் சேரச் சொன்னான்?

— வேற என்னன்னு எழுதுவான்? நான் சொன்ன பொய்யை அவனும்தானே காப்பாத்தணும்?

— ஐயோ... மணி என்ன?

— நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பாப்பாவுக்குப் போடு, சீக்கிரம்.

— எடுக்க மாட்டேங்கறாளே... நான் சொல்லாம கட்ட மாட்டாடா. படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினேன்.

— திரும்பப் போடு.

— எடுடி, எடு... டேய், மாடிக் கதவு தொறக்குது.

— அத்தை... பாப்பா இப்பதான் மெசேஜ் அனுப்பினா. கூட்டம் நெருக்குதுன்னு உங்க போனுக்குக் காத்திருக்காம கட்டிட்டாளாம். எனக்கு தேங்க்ஸ் சொல்லியிருக்கா.