பன்னிரண்டு பாகை

கார்த்திகையிலிருந்து மாசிவரை பாம்புக்குச் சாப்பாடு போடக்கூடாது. நான் அவனிடம் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்.

நீங்கள் பாம்பு வளர்த்ததில்லை, முகத்திலேயே தெரிகிறது. ஆகவே சொல்கிறேன். பாம்புகள் வசந்தத்தில் இணைசேர வேண்டுமென்றால் அதற்குமுன் அவற்றுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும். இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், பட்டினி போட்டு வயிற்றைக் காலியாக்கி, பிறகு நாளுக்கு ஒரு பாகையாக வெப்பத்தை இறக்கிப் பன்னிரண்டில் நிறுத்தவேண்டும். குளிரில் பாம்புக்குச் செமிக்காது. விழுங்கியது உள்ளேயே அழுகிக் கொன்றுவிடும். கோலியர்ஸ் வுட்டில் என் மீன்கடைக்குப் பின்னால் இருக்கும் குளிர்அறையை இதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். எட்டுப் பெட்டி, எட்டுப் பாம்பு.

ரதீசன் என் மனைவி சிவகௌரியின் தம்பி. பிரான்சிலிருந்து வந்து இரண்டு வருடமாக எங்களோடு இருந்தான். யாரைக் கண்டாலும் "சாப்பிட்டியளோ?" என்று கேட்பதைத் தவிர அவன் தலையில் வேறு சரக்கு இருக்கவில்லை. அதையும் நல்ல குணம் என்று மெச்சுகிற சனம் எங்கள் சனம்.

தை மாதம் மூத்த பெண்பாம்பு வயிறு வீங்கிச் செத்துக் கிடந்தது. அதன் முட்டைக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். அவனை விசாரித்தேன்.

"பாவம் அத்தான், பசியோட கிடந்துது. ஒரு எலிதானே குடுத்தனான்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் கோபப்படவில்லை. மூடனோடு கோபித்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சிவகௌரி வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தாள். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் நானே சமைத்து, அவனுக்கு மூன்று தரம் போட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டான். பிறகு குளிர்அறையைக் கழுவச் சொல்லி அனுப்பினேன். உள்ளேயிருந்து திறக்கும் பிடி உடைந்து கனகாலம். கதவைச் சாத்தி, மீனுக்கு வைக்கும் அளவுக்கு, பூச்சியத்துக்குக் கீழே இருபதுக்கு இறக்கினேன்.

"அத்தான், கதவு திறக்க ஏலாமக் கிடக்கு," என்றான். நான் தேத்தண்ணி போடப் போனேன். மாலையில் திறந்தபோது அவன் கதவடியில் சுருண்டு கிடந்தான்.

இன்னொன்று. அவனை அனுப்புவதற்கு முன்பே, மிஞ்சிய ஏழு பாம்புகளையும் ஒவ்வொன்றாக நிலவறைக்கு மாற்றி, அங்கே பன்னிரண்டு பாகை சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். எனக்கு இரக்கமே இல்லை என்று சிவகௌரி உங்களிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.