ஞாபக மாத்திரை

— மழை இந்தப் போடு போடுது. பய இன்னும் வரலியே, ஞானம்?

— வருவான். ஏலக்கா லோடு எறக்காம எப்படி வருவான்? கம்பம்மெட்டு என்ன பக்கத்துலயா இருக்கு?

— சாப்பிட்டுப் போனானா?

— உங்க மகன் சாப்பிடாமப் போவானாக்கும்! மத்திக் கொழம்பு வாசனைக்கு, ஸ்டார்ட் பண்ணுன ஜீப்ப அப்படியே விட்டுட்டு எறங்கி வந்தான். "அப்பாவுக்கு வாலு போதும்மா, நடுத்துண்டு எனக்கு"ங்கிறான்.

— அப்படியா சொன்னான் ஜோபி! திமிரப் பாரு... ஞானம், எனக்கு மாத்திரை வாங்கணும்.

— என்ன மாத்திரை?

— ஆசுபத்திரியில ஜிஸ்மி சிஸ்டர் குடுத்தது. "குடிச்சுக் குடிச்சு யாக்கோபு சேட்டன் ஒடம்புல பி ஒன் சத்தே இல்ல, அதான் இந்த மறதி. அந்த வைட்டமின ஒடம்பு சீக்கிரம் இழுத்துக்கிற மாதிரி மாத்தி மருந்தாச் செஞ்சிருக்கு, விடாமப் போடணும்"னு சொல்லலியா?

— அவ சொன்னது... உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சுங்க.

— அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தியே, அது நேத்துத்தான் தீந்தது.

— ஐயோ, எடுத்துப் போட்டீங்களா?

— ஏன் ஒளிச்சு வச்ச?

— வேணாங்க. கேக்காதீங்க.

— சொல்லு ஞானம்.

— என்னத்தச் சொல்ல? ஆசுபத்திரியில இருந்து வந்த புதுசுல நெசத்தத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவயும் அப்பத்தான் கேக்குற மாதிரி நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதீங்க. நான் கண்ணத் தொடச்சு விடுறதுக்குள்ள மறந்துட்டு, "பய எங்க"ன்னு மறுபடி கேட்டீங்க. பெத்த புள்ளய எத்தன தடவங்க சாகக் குடுக்கிறது? மறந்தவரு மறந்தே இருக்கட்டும்னுதான் ஒளிச்சு வச்சேன்.

— கம்பம்மெட்டு எறக்கத்துலதான ஜீப்பு உருண்டுச்சு.

— கர்த்தாவே...

— பெட்டியத் தெறந்து காட்ட மாட்டேன்னுட்டாங்க. சேறோட நின்னோம் கல்லறையில. அன்னைக்குப் புடிச்ச குடி. அப்புறம் சோறே எறங்கல எனக்கு. எல்லாம் ஞாபகம் வந்து நாளாச்சு, ஞானம்.

— பின்ன எதுக்குங்க தெனமும் பய எங்கன்னு என்னையக் கேக்குறீங்க?

— நான் கேக்கலன்னா, நீ அவனப் பத்திப் பேசவே மாட்டேங்குறியே.